அட்ரியனிடம் யார் சொல்வது? மிராக்குலஸ் கதாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாமஸ் அஸ்ட்ரூக் அவர்களுக்கும், அவரோடு சேர்ந்து மிராக்குலஸ் கார்ட்டூன் தொடரின் கதைகளை எழுதுகிற எல்லோருக்கும், வணக்கம்.

பாரிஸில் நடக்கும் உங்கள் கதையை எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். நானும் என் மகளும். 2015-ல் உங்கள் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானபோது அவள் கைக்குழந்தை. இந்தக் கோடை விடுமுறையில்தான் முதல் சீசனில் தொடங்கி ஐந்தாவது சீசன் முடிய ஒரே மூச்சாகப் பார்த்தோம். கடைசிப் பகுதி முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி, "அம்மா, அட்ரியன்கிட்ட யாருமே சொல்ல மாட்டாங்களா?" என்பதுதான். "சொல்லுவாங்கடா" என்றேன். சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரினெட் என்ற பள்ளி மாணவி லேடிபக்காக மாறி பாரிஸைக் காக்கிறாள். அவளோடு சேர்ந்து போராடும் கேட் நுவார், அவள் வகுப்பில் படிக்கும் அட்ரியன்தான். ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது. ஊரையே ஆட்டிவைக்கும் வில்லன் அட்ரியனின் அப்பா கேப்ரியல் அக்ரெஸ்ட். மனம் நொந்தவர்களைத் தேடிப்பிடித்துத் தன் கருவியாக்குவது அவர் வழி. ஐந்தாவது சீசனின் முடிவில் அவர் இறந்துபோகிறார். வில்லனை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட வீரர் என்று பாரிஸ் அவரைக் கொண்டாடுகிறது. வில்லனே அவர்தான் என்பது மரினெட்டுக்குத் தெரியும். அட்ரியனுக்குத் தெரியாது. அவனிடம் அவள் சொல்லவில்லை.

உங்களிடம் குறை சொல்வதற்கு முன்னால், நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது நரி.

நரி என்றாலே ஏமாற்றுக்காரன் என்பது எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் ஒன்றுதான். உங்கள் லா ஃபோந்தேன் 1668-ல் எழுதிய கதையில் காகத்தின் வாயில் பாலாடைக்கட்டி இருக்கும். எங்கள் பாட்டிகள் சொல்லும் கதையில் வடை. இரண்டிலும் நரி காகத்தின் குரலைப் புகழ்ந்து வாயைத் திறக்க வைக்கிறது. அதற்கும் முன்னால், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ரெனார் என்ற நரியின் கதைகள் உங்கள் மொழியில் வந்துவிட்டன. உறைந்த குளத்தில் வாலை விட்டு மீன் பிடிக்கலாம் என்று ஓநாயை நம்ப வைத்து, அதன் வாலையே இழக்கச் செய்கிற ரெனார். அந்தக் கதைகள் எவ்வளவு பரவின என்றால், நரிக்குப் பழைய பிரெஞ்சில் இருந்த 'கூப்பில்' என்ற சொல்லே வழக்கொழிந்து, அந்த ஒரு நரியின் பெயரே எல்லா நரிக்கும் பெயராகிவிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு ஏமாற்றுக்காரனை ஒரு மொழி இவ்வளவு நேசித்திருக்கிறது!

அந்த மண்ணிலிருந்து வருகிற நீங்கள், உங்கள் வீரர்களுக்குச் சக்தி தரும் மாய ஆபரணங்களில் நரியின் ஆபரணத்துக்கு மாயத்தோற்றம் காட்டும் சக்தியைக் கொடுத்தது இயல்புதான். அதை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு. முதல் சீசனில் லைலா என்ற பெண் வருகிறாள். லேடிபக் தன் உயிர்த்தோழி என்று கதை விடுகிறாள். நரி வால் தொங்கும் சாதாரணச் சங்கிலி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, நரி வீராங்கனையின் வம்சத்தில் வந்தவள் நான் என்று அட்ரியனிடம் அளக்கிறாள். கடைசியில் வோல்பினா என்ற வில்லியாக மாறி ஊரெல்லாம் மாயம் காட்டுகிறாள். பொய்க்காரிக்கு நரி வேடம் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் அடுத்த சீசனில் அசல் நரி ஆபரணத்தை எடுத்து மரினெட்டின் உயிர்த்தோழி ஆல்யாவின் கழுத்தில் போட்டீர்களே! பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்று கனவு காண்கிற பெண். உண்மையைத் துரத்திக்கொண்டு கையில் போனோடு ஓடுகிறவள். லைலா சொன்னதைச் சரிபார்க்காமல் தன் வலைப்பதிவில் பேட்டியாகப் போட்டு ஏமாந்தவளும் அவள்தான். ஏமாறுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தவளிடம் மாயையை நம்பி ஒப்படைத்தீர்கள். அதை எழுதியவர் யாராயிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

அந்தச் சக்திக்கு நீங்கள் வைத்த விதிகளும் எனக்குப் பிடிக்கும். ஆல்யா புல்லாங்குழலை ஊதுகிறாள். ஒரு மாயத்தோற்றம் எழுகிறது. யாராவது கை வைத்தால் அது கலைந்துவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள். சக்தியைப் பயன்படுத்தியதும் ஐந்து நிமிடக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அதற்குள் வேலை முடிய வேண்டும். முதல் தடவை, தன் இரட்டைத் தங்கைகளே குட்டி அரக்கர்களாகப் பெருகிப் பாரிஸைச் சூறையாடிய நாளில் போராடி முடித்த பிறகு, ஆபரணத்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமே வரவில்லை. ஆனாலும் கொடுத்துவிடுகிறாள். என் மகள் அந்தக் காட்சியை மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

மதுரையில் நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் ஓட்டி வந்த சிவனின் கதை எங்களிடம் உண்டு. ராத்திரி ஆனதும் அவை மறுபடி நரியாகி ஊளையிட ஆரம்பித்துவிடும். சாமி காட்டிய மாயமே ஒரு ராத்திரி தாங்கவில்லை. ஆப்பிரிக்காவின் அனான்சியும் நரியைப் போல ஒரு தந்திரக்காரன்தான். அகான் மக்களின் கதைகளில் ஊரையே ஏமாற்றும் சிலந்தி அது. ஸ்டாட்டிக் ஷாக் என்ற அமெரிக்கக் கார்ட்டூனில் அதே பெயரில் ஒரு கானா நாட்டு வீரன் வருகிறான். அவனுக்கும் மாயத்தோற்றம் காட்டும் சக்தி, அவனும் நல்லவன்தான். தந்திரம் வேறு, வஞ்சகம் வேறு என்று குழந்தைக்குப் புரிய வைப்பது லேசான காரியமில்லை. நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். பாம்பின் ஆபரணத்தை எடுத்து, மரினெட்டை நேசிக்கிற, தொடரிலேயே வெளிப்படையாகப் பேசுகிற லூக்காவிடம் கொடுத்தபோதும் அதையேதான் செய்தீர்கள்.

லூக்காவைச் சொன்னதும் ரகசியத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான்காவது சீசனில் லேடிபக் யார், கேட் நுவார் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறான். அது எனக்குப் பொய்யாகப் படவில்லை. மரினெட்டும் அட்ரியனும் முகமூடியைக் கழற்றாமல் இருப்பதும் பொய்யில்லை. ஏனென்றால் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பதாவது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கேட் நுவார் எத்தனை தடவை கேட்டிருப்பான், நாம் யாரென்று சொல்லிக்கொள்ளலாமே என்று! அவள் முடியாது என்பாள். அவனுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் ஒரு கதவு மூடியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அவன் தட்டலாம், கோபித்துக்கொண்டு போகலாம், காத்திருக்கலாம்.

கேப்ரியல் விஷயத்தில் அவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் அப்பாவின் படத்தையும் மாட்டியாயிற்று. அவன் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அழுகிறான்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றுப் புண், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். படிப்பு கெடக் கூடாதென்று என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே, "வரலாறு முடிச்சிட்டியா?" என்று கேட்பார். தேர்வு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அத்தை என்னை மாவு மில்லுக்கு அனுப்பினார். அரிசி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, முகம் மட்டும்தான் பழக்கம், பேர்கூடத் தெரியாது, திரும்பிப் பார்த்து, "உங்கப்பாவுக்கு இனிமே கீமோ வேண்டாம்னுட்டாங்களாமே, கண்ணு?" என்று கேட்டார். மில் ஓடுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். சரியாகத்தான் கேட்டிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாமல் இருப்பது அவர் இறந்தது மட்டுமில்லை. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நாட்களை நான் வரலாற்றுப் புத்தகத்தோடு கழித்தேன் என்பதும், மாவு மில்லில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதும்தான். என்னிடம் மறைத்த யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். என் நன்மைக்காக என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

அட்ரியனின் விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். மரினெட்டுக்குத் தெரியும். கேப்ரியலின் உதவியாளர் நத்தாலிக்குத் தெரியும். அவன் அத்தனை நாள் சந்தேகத்தோடு பார்த்த, அவன் சித்தி மகன் ஃபெலிக்ஸுக்குத் தெரியும். தான் எப்படி இந்த உலகத்துக்கு வந்தோம் என்ற ரகசியம்கூட மற்றவர்களுக்குத் தெரிந்து, அவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. அவன் வாழ்க்கையைப் பற்றி அவனைவிட அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கு அதிகம் தெரியும். கேப்ரியல் உயிரோடு இருந்தபோது அவனுக்குச் செய்த அநியாயமும் இதுதானே? எங்கே போகலாம், யாரோடு பழகலாம், எந்த உடை போடலாம் என்று எல்லாவற்றையும் அவனுக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். அப்பா போன பிறகும் அதுவே தொடர்கிறது. இப்போது முடிவு செய்கிறவள் அவனை நேசிக்கிற பெண் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, சின்னப் பையன், இந்த உண்மையைத் தாங்குவானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று எங்கள் வள்ளுவரே சொல்லியிருக்கிறார். எங்கள் வீடுகளில் எதையாவது மறைக்க வேண்டியிருந்தால் முதலில் வருவது இந்தக் குறள்தான். ஆனால் 'நன்மை பயக்கும்' என்பதோடு அவர் நிறுத்தவில்லை. 'புரைதீர்ந்த நன்மை' என்றார். கொஞ்சம்கூட மாசில்லாத நன்மை. அட்ரியனுக்குக் கிடைத்தது அதுவா? இல்லாத ஒரு அப்பாவை நினைத்து அழுகிறான். அவனை நேசிக்கிறவள் ஒவ்வொரு தடவை அவன் கையைப் பிடிக்கும்போதும் மனதுக்குள் கூசிக்கொண்டு நிற்கிறாள். மோனார்க் என்ற வில்லன் வேடத்தில் கேப்ரியல் வதைத்த ஊர் அந்த கேப்ரியலையே கொண்டாடுகிறது. இதில் மாசு இல்லாத இடம் எது?

பொய் என்ன செய்யும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான். மூன்றாவது சீசனில் லைலா திரும்பி வந்து, விமான நிலையத்தில் ஜாகட் ஸ்டோனின் பூனைக்குட்டியைக் காப்பாற்றினேன் என்று வகுப்பையே நம்ப வைக்கிறாள். முதலை வளர்க்கிற பாடகரிடம் ஏது பூனைக்குட்டி என்று மரினெட் மட்டும் கேட்கிறாள். அவளைத்தான் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைக்கிறார்கள். அதே சீசனில் அந்த நரி வால் சங்கிலியை மரினெட்டின் லாக்கரில் ஒளித்துவைத்து அவளைப் பள்ளியை விட்டே வெளியேற்றுகிறாள் லைலா. அட்ரியன் போய்ப் பேசிய பிறகு அவள் பின்வாங்குகிறாள். எப்படி? தன்னையும் அறியாமல் பொய் சொல்ல வைக்கிற நோய் தனக்கு இருக்கிறது என்று இன்னொரு பொய்யைச் சொல்லி! மரினெட் பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டாள், உண்மை திரும்பி வரவில்லை. அந்தக் காட்சியில் என் மகள் எழுந்து நின்று டிவியைப் பார்த்து, "அவ பொய் சொல்றா!" என்று கத்தினாள். ஐந்தாவது சீசனின் முடிவில் மரினெட்டைப் பார்த்து அவளால் அப்படிக் கத்த முடியவில்லை. பேசாமல் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

லைலாவின் பொய்யை அம்பலப்படுத்த வேண்டாம், நம் இருவருக்கும் உண்மை தெரியும் இல்லையா, அது போதாதா என்று மூன்றாவது சீசனில் மரினெட்டிடம் சொன்னவனே அட்ரியன்தான். அவன் சொன்னது சரியா தப்பா என்று நானும் மகளும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அவள் அட்ரியன் கட்சி. இப்போது அந்த 'நம் இருவரில்' அவன் இல்லை. உண்மை தெரிந்தவர்கள் பேசாமல் இருக்கிறார்கள், பேசாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தவன் வெளியே நிற்கிறான். இதை நீங்கள் யோசித்து வைத்திருந்தால் அருமையான வேலை. அப்படியானால் அதை முழுதாக எழுதி முடியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போட்டு உடைக்கச் சொல்லவில்லை. உண்மையை எப்படிச் சொல்லக் கூடாது என்பதையும் நீங்கள் முதல் சீசனிலேயே காட்டிவிட்டீர்கள். லேடிபக் லைலாவின் பொய்யை அட்ரியன் முன்னாலேயே போட்டு உடைத்தாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் பொறாமையில் சொன்னாள், அவமானப்படுத்தச் சொன்னாள். அதிலிருந்துதான் வோல்பினா பிறந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டும் பலிக்கவில்லை. அதே போல அட்ரியனுக்கும் ஒரு சண்டையின் நடுவில், வில்லன் வாயிலிருந்து, எல்லோர் முன்னாலும் இந்த விஷயம் தெரியக் கூடாது. மாவு மில் வரிசையில் தெரியக் கூடாது. மரினெட் சொல்ல வேண்டும். தன் வாயால், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்ன கேட்டாலும் பதில் சொல்வதற்கு நேரம் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அதோடு, அவள் தைரியம் வந்து சொல்லிவிட்டதாலேயே அவன் உடனே மன்னித்துவிட வேண்டாம். எனக்கு அத்தையிடம் சாதாரணமாகப் பேச இரண்டு வருடம் ஆனது. இப்போது அவர் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். அந்த இரண்டு வருடத்தையும் அவர் எனக்குக் கொடுத்தார். கோபமாக இருக்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கோபம் வந்தால் அக்குமா, அதாவது வில்லன் ஏவுகிற மாய வண்ணத்துப்பூச்சி, வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற உலகத்தில் அட்ரியன் வளர்ந்திருக்கிறான். அங்கே அவன் கோபப்பட்டும் அவனுக்கு ஒன்றும் ஆகாத ஒரு பகுதியை எழுதுங்கள். குழந்தைகள் அதைப் பார்க்க வேண்டும்.

மரினெட்டை அந்த இடத்துக்குக் கொண்டுபோக ஆளும் உங்களிடமே இருக்கிறது. நான்காவது சீசனில் பாரம் தாங்காமல் மரினெட் உடைந்து அழுது, நான்தான் லேடிபக் என்று ஆல்யாவிடம் சொல்கிற காட்சி தொடரிலேயே எனக்கு மிகப் பிடித்தது. அதற்கு முந்தைய நாட்களில் அவள் மறைத்து மறைத்து லூக்காவை இழந்திருந்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. மாயத்தோற்றம் எப்போது கலைய வேண்டும் என்று ஆல்யாவைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் பாரிஸில் யாருமில்லை. அவள் மரினெட்டின் தோளில் கை வைத்து, போய்ச் சொல் என்று சொல்லட்டும். அந்தச் சொல் நரியின் வாயிலிருந்து வந்தால், ரெனாரின் கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கும் வடைக் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கும் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் மகள் ஒரு படம் வரைந்து இதோடு வைக்கச் சொன்னாள். ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு. மரினெட் ஒரு ஓரத்தில், அட்ரியன் மறு ஓரத்தில். நடுவில் ஆரஞ்சு வண்ணத்தில் நரி ஆபரணத்தின் குட்டித் தேவதை டிரிக்ஸ், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புல்லாங்குழல் கீழே தரையில் கிடக்கிறது. மரினெட்டின் தலைக்கு மேல் வட்டம் போட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாள். அட்ரியனின் தலைக்கு மேலும் ஒரு வட்டம் இருக்கிறது, அதில் எழுத்து இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அவன் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியலம்மா. அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பார்வையாளரின் அம்மா